221ஜி சீட்டு: சான்றிதழ்ல ஒரு அப்பச்சி இனிஷியல், பாஸ்போர்ட்ல இன்னொரு அப்பச்சி பேர். வழி சொல்லுங்க

கண்டனூரான்

நேத்து சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்துல எச்1பி வேலை விசா நேர்காணல். 'இப்போதைக்கு விசா இல்ல'ங்கிற 221ஜி சீட்டைக் கையில வச்சுக்கிட்டுப் பல்லவன் ரயில்ல ஊருக்குத் திரும்பிட்டேன். வீட்ல யாருக்கும் இன்னும் முழுசாச் சொல்லல.

எங்க நகரத்தார்ல பிள்ளை இல்லாத வீட்டுக்குப் பங்காளி வீட்டுப் பையனைப் பிள்ளை கூட்டுறது, அதாவது தத்தெடுக்கிறது, வழக்கம்னு செட்டிநாட்டுப் பக்கம் இருக்கிறவங்களுக்குத் தெரியும். கைக்குழந்தையாத்தான் கூட்டணும்னு இல்ல. மீசை முளைச்சவனையும் கூட்டுவாங்க, கல்யாணம் ஆனவனையும் கூட்டுவாங்க. என்னை 2021-ல, 22 வயசுல கூட்டினாங்க. மஞ்சத்தண்ணி குடிச்சு, பத்திரம் எழுதி, சார்பதிவாளர் ஆபீஸ்ல பதிவும் ஆயிருச்சு.

பேரை மாத்திச் சொல்றேன். நான் வள்ளியப்பன். எங்க பக்கம் அப்பச்சின்னா அப்பா. பெத்த அப்பச்சி காசி, தத்தெடுத்த சுவீகார அப்பச்சி அண்ணாமலை. 2020-ல வாங்கின பி.இ. பட்டம், மார்க் ஷீட், முதல் கம்பெனி ரிலீவிங் லெட்டர் எல்லாத்துலயும் 'வள்ளியப்பன் கே'. 2022-ல பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும்போது பத்திரத்தைக் கொடுத்து மாத்தியாச்சு. இப்ப அதுல குடும்பப் பேர் 'அண்ணாமலை'. கம்பெனி போட்ட எச்1பி மனுவை ஏத்துக்கிட்டதா வர்ற ஐ-797 தாளும் அதே மாதிரிதான் வந்திருக்கு. மனு 2025 ஏப்ரல்லயே போட்டதால, செப்டம்பர்ல புது எச்1பி மனுக்களுக்கு வந்த லட்சம் டாலர் கட்டணம் என் தலையில விழல. டிசம்பர் கடைசியில இருந்த நேர்காணல்தான் மார்ச்சுக்குத் தள்ளிப் போச்சு.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு அம்மா. எந்தக் கம்பெனி, என்ன வேலை, சம்பளம் எவ்வளவு, எந்த ஊர்ல போய் உக்காரப் போறீங்க. கேட்ட உடனே சொல்லிட்டேன், எல்லாம் ரெண்டு நிமிஷம். பட்டத்தைக் கேட்டாங்க, கீழ இருக்குற இடுக்கு வழியாத் தள்ளினேன். அதையும் பாஸ்போர்ட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்துட்டு, "இந்த கே யாரு?" ன்னாங்க. அப்பா பேரோட முதல் எழுத்துன்னேன். "உங்க அப்பா பேர் என்ன?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எந்த அப்பா?"

வாய் தவறி வந்ததுதான். வீட்ல ரெண்டு பேரையும் அப்பச்சின்னுதானே கூப்பிடுறோம். அதுவரைக்கும் தட்டிக்கிட்டே இருந்த அந்தம்மா கையை கீபோர்டுல இருந்து எடுத்துட்டாங்க. அப்புறம் நான் விளக்கம் சொல்லச் சொல்ல, அது எனக்கே ஏதோ கதை கட்டுற மாதிரி இருந்துச்சு. பாஸ்போர்ட்டோட ஒரு சீட்டைக் கொடுத்தாங்க. பேர் மாறினதுக்கான ஆவணங்களும், திருத்தின டிஎஸ்-160 விசா விண்ணப்பப் படிவமும் கேட்டிருக்காங்க.

ராத்திரி இணையத்துல நிலவரம் பாத்தா 'ரெஃப்யூஸ்டு'ன்னு இருக்கு. கம்பெனிக்கு என்னன்னு சொல்றது? பட்டத்துல பேரை மாத்திட்டு வரணுமா? டிஎஸ்-160-ல எந்த அப்பச்சியைப் போடணும்? நான் போட்டது அண்ணாமலை.

கல்லுக்கட்டிக்காரன்

தம்பி, சுவீகாரம் கிவீகாரம்னு ஏன் இழுக்குறீங்க. வெள்ளைக்காரனுக்கு அதெல்லாம் புரியாது. காசி, அண்ணாமலை ரெண்டும் ஒரே ஆளுதான், காசி அண்ணாமலைன்னு நோட்டரிகிட்ட ஒரு அஃபிடவிட் வாங்கிக் கொடுத்துருங்க. வேலை முடிஞ்சுது.

டல்லாஸ் தேவகோட்டை

மேல உள்ளதைத் தயவுசெஞ்சு செஞ்சுராதீங்க. இனிஷியல் குழப்பத்துக்கு மருந்து இருக்கு, பொய்ச் சத்தியத்துக்கு இல்ல. விசாவுக்காக முக்கியமான உண்மையை மறைச்சோ மாத்தியோ சொன்னதா முடிவு பண்ணிட்டா, அவங்க குடிவரவுச் சட்டம் 212-ஏ-6-சி பிரிவுல ஆயுசுக்கும் தடை. அதுவும் நீங்க கண்ணாடி முன்னாடி நின்னு சுவீகாரம்னு வாயால சொல்லிட்டு வந்திருக்கீங்க. அதை அவங்க குறிச்சு வச்சிருப்பாங்க.

நேரா விஷயத்துக்கு வாரேன். 221ஜி-ன்னா 'இப்ப இருக்குற தாளை வச்சு விசா தர முடியல'ங்கிறதுதான். சட்டப்படி அதுவும் ஒரு மறுப்புங்கிறதால அந்த நிலவரப் பக்கம் 'ரெஃப்யூஸ்டு'ன்னே காட்டும். எனக்கும் காட்டுச்சு, ரெண்டு நாள் சோறு இறங்கல. கேட்ட தாளை ஒரு வருஷத்துக்குள்ள கொடுத்தா அதே விண்ணப்பத்துலயே பாப்பாங்க. அதைத் தாண்டினா மறுபடி 205 டாலர் கட்டி முதல்ல இருந்து வரணும். சீட்டு வெள்ளையா நீலமான்னு கலரை வச்சு ஜோசியம் சொல்ல நாலு பேர் வருவாங்க, விட்டுருங்க. அதுல எந்தக் கட்டத்துல டிக் இருக்கு, கையால என்ன எழுதியிருக்கு, அதை மட்டும் படிங்க.

அப்பச்சி பேர் நீங்க போட்டது சரிதான். டிஎஸ்-160-ல பெற்றோர் பக்கத்துலயே எழுதியிருக்கு, தத்துப் போனவங்க தத்தெடுத்த பெற்றோர் விவரத்தைத் தரணும்னு. கோளாறு வேற இடத்துல இருக்கும்னு நினைக்கிறேன். 'வேற பேர் எதுவும் பயன்படுத்தியிருக்கீங்களா'ன்னு ஒரு கேள்வி வருமே, அங்க என்ன போட்டீங்க?

கண்டனூரான்

'இல்லை'ன்னு போட்டேன் அண்ணே. அது கல்யாணத்துக்கப்புறம் பேர் மாத்திக்கிற பொம்பளைங்களுக்கும், புனைபெயர் வச்சிருக்கிறவங்களுக்கும்னு நினைச்சுட்டேன்.

டல்லாஸ் தேவகோட்டை

அதேதான். நம்மளுக்கு இனிஷியல் பேரோட ஒட்டின சட்டைப் பொத்தான் மாதிரி. அவங்களுக்கு அது பேரே. பட்டத்துல 'வள்ளியப்பன் கே'ன்னு இருந்தா, அவங்க கணக்குப்படி 'கே'ங்கிற குடும்பப் பேரோட ஒரு ஆள் இருந்திருக்கான். அவனை நீங்க 'இல்லை'ன்னு சொல்லிட்டீங்க.

புது டிஎஸ்-160-ல அந்தக் கேள்விக்கு 'ஆமாம்' போட்டு, 'வள்ளியப்பன் கே', 'வள்ளியப்பன் காசி' ரெண்டையும் எழுதுங்க. பழைய பாஸ்போர்ட்ல எப்படி இருந்துச்சோ அந்த எழுத்துக்கூட்டல்லயே எழுதுங்க. கம்பெனி வக்கீலுக்கும் உடனே மெயில் போடுங்க. அவங்க போட்ட ஐ-129 மனுவுலயும் 'வேற பேர்கள்' கட்டம் உண்டு, அதுல என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்காம நீங்க தனியா எதையும் திருத்தாதீங்க. ரெண்டும் ஒத்துப் போகணும்.

அப்புறம், உங்க முகநூல், லிங்க்ட்இன் எல்லாம் எந்தப் பேர்ல இருக்கு? 2025 டிசம்பர் 15-ல இருந்து எச்1பி ஆட்கள், அவங்க குடும்பத்துக்கான எச்4 விசா ஆட்களோட சமூக வலைத்தளக் கணக்கையும் பாக்குறாங்க, பொதுவுல திறந்து வைக்கச் சொல்றாங்க. அதுல 'கே' இருந்தா அவசரப்பட்டு இப்ப மாத்தாதீங்க. இருக்கிறது இருக்கட்டும், கணக்குப் பேரை மட்டும் விடாம எழுதிருங்க.

கோட்டையூர் வக்கீல்

தம்பிக்கு. நான் காரைக்குடி, தேவகோட்டை கோர்ட்டுகளில் முப்பது வருஷம் இருந்தவன். அமெரிக்கச் சட்டம் எனக்குத் தெரியாது, நம் பக்கத்துச் சட்டத்தைச் சொல்கிறேன்.

22 வயதில் தத்தா என்று அந்த அதிகாரி சந்தேகப்பட்டிருந்தால் அதில் நியாயம் இருக்கிறது. 1956-ஆம் வருஷத்து இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம், 10-ஆம் பிரிவு, 15 வயது முடிந்தவரைத் தத்தெடுக்கக் கூடாது என்றுதான் சொல்கிறது. ஆனால் அதே பிரிவிலேயே, அந்தச் சமூகத்தில் வழக்கம் இருந்தால் எடுக்கலாம் என்று விலக்கும் இருக்கிறது. நகரத்தார் பிள்ளை கூட்டுவது அந்த விலக்கில்தான் நிற்கிறது. 16-ஆம் பிரிவு இன்னும் உபயோகம்: கொடுத்தவர், எடுத்தவர் இருவரும் கையெழுத்திட்டுப் பதிவான பத்திரம் இருந்தால், மறுத்து நிரூபிக்கப்படும் வரை தத்து சட்டப்படி நடந்ததாகவே கோர்ட் கொள்ள வேண்டும். ஆகவே உங்கள் பத்திரத்தில் இரண்டு தரப்புக் கையெழுத்தும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

மொழிபெயர்ப்பில் ஒரு எச்சரிக்கை. பத்திரத்தில் 'சுவீகார புத்திரன்', 'ஜனன பிதா', 'விலாசம்' என்றெல்லாம் இருக்கும். 'விலாசம்' என்பதை வீட்டு முகவரி என்று மொழிபெயர்த்துக் கொண்டுவந்த ஒரு பத்திரத்தை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். நம் பக்கம் விலாசம் என்றால் பேருக்கு முன்னால் வரும் எழுத்துவரிசை, மூன்று தலைமுறைப் பேரும் அதில் அடங்கும். ரங்கூனுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போன ஐயாக்கள் மொகல் தெருவில் தங்கித் தொழில் பார்த்த கிட்டங்கியில் உட்கார்ந்து கடிதம் எழுதும்போது விலாசத்தைப் போட்டால் போதும், எந்த ஊர் எந்த வீடு என்று எதிராளிக்குத் தெரிந்துவிடும். அன்றைக்கு ஆளைக் காட்டிக்கொடுத்த எழுத்து, இன்றைக்கு உங்களை மாட்டிவிட்டிருக்கிறது. சுவீகாரம் போனால் விலாசமும் மாறும் என்பதை மொழிபெயர்ப்பவரிடம் சொல்லிப் புரியவைத்துவிட்டு எழுதச் சொல்லுங்கள்.

பட்டத்தில் பேர் மாற்ற அலையாதீர்கள். பட்டம் வாங்கின அன்றைக்கு உங்கள் பேர் அதுதான். அது தப்பான தாள் இல்லை.

புதுவயல் மருமக

குறுக்கே கேக்குறதுக்கு மன்னிக்கணும். எனக்கு அடுத்த மாசம் எச்4. எங்க கல்யாணத்துல எழுதின இசைகுடிமானம்ங்கிற கல்யாண ஒப்பந்தம் ரெண்டு பக்கத்துக் கையெழுத்தோட பத்திரமா இருக்கு. கோயில் மாலை வந்த ரசீதும் இருக்கு. இதெல்லாம் போதும்ல?

கோட்டையூர் வக்கீல்

போதாது அம்மா. நமக்கு அது பெரிய ஆவணம், அவர்களுக்கு அது கல்யாண வீட்டுத் தாள். தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி திருமணப் பதிவு கட்டாயம். சார்பதிவாளரிடம் வாங்கிய சான்றிதழை எடுத்துப் போங்கள். பதியவில்லை என்றால் நாளைக்கே போங்கள்.

கல்லுக்கட்டிக்காரன்

நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன். ஆனா ஒரு சந்தேகம். 16 வயசுக்கு மேல தத்தெடுத்தா அமெரிக்காவுல செல்லாதுன்னு எங்க மச்சான் சொல்றான். அப்ப இவரு கதி?

டல்லாஸ் தேவகோட்டை

மச்சான் சொல்றது பாதி உண்மை. அந்த 16 வயசுக் கணக்கு குடும்ப வழி குடியேற்றத்துக்கு. இவர் பின்னாடி அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கி, அண்ணாமலை அப்பச்சியை அப்பாங்கிற முறையில பச்சை அட்டைக்குக் கூப்பிட்டா அங்க அந்தக் கேள்வி வரும். வேலை விசாவுக்கு யாருக்குப் பிள்ளைங்கிறது தகுதியே இல்ல. வந்து நிக்கிறவனும் பட்டம் வாங்கினவனும் ஒரே ஆளான்னுதான் அவங்களுக்குத் தெரியணும்.

கண்டனூரான்

எல்லாருக்கும் நன்றி. பத்திரத்தை எடுத்துப் பாத்தேன், ரெண்டு அப்பச்சியும் ரெண்டு ஆத்தாவும் கையெழுத்து போட்டிருக்காங்க. ஒரு ஆத்தா மட்டும் தமிழ்ல, நுணுக்கி நுணுக்கி.

பரண்ல இருந்த தகரப் பெட்டியில பத்தாவது மார்க் ஷீட்டும் மூலை வெட்டின பழைய பாஸ்போர்ட்டும் கிடைச்சுது. வக்கீலய்யா சொன்ன மாதிரியே முதல் மொழிபெயர்ப்புல விலாசத்தை 'முகவரி'ன்னுதான் போட்டிருந்தாங்க! திருப்பிக் கொடுத்து மாத்தி வாங்கினேன். கம்பெனி வக்கீல்கிட்டக் கேட்டதுல, ஐ-129-ல பட்டத்துல இருக்குற பேரை அவங்க ஏற்கெனவே 'வேற பேர்'னு போட்டுத்தான் இருக்காங்க. அதாவது மனுவுல 'ஆமாம்', என் படிவத்துல 'இல்லை'. அந்தம்மா கையை எடுத்தது இப்பத்தான் புரியுது. வக்கீல் சம்மதத்தோட டிஎஸ்-160-ஐத் திருத்திட்டேன்.

பத்திரம், மொழிபெயர்ப்பு, பிறப்புச் சான்றிதழ், மார்க் ஷீட், ரெண்டு பாஸ்போர்ட் நகல், ஒரு பக்கத்துல எது எப்ப மாறுச்சுன்னு வருஷத்தோட நானே எழுதின கடிதம். சீட்டுல சொன்னபடி மையத்துல ஒப்படைச்சாச்சு. கடிதத்துல பெருமையும் இல்ல, அழுகையும் இல்ல. எட்டு வரிதான்.

கண்டனூரான்

நாலு வாரம் கழிச்சு எழுதுறேன். மூணாவது வாரம் பாஸ்போர்ட்டைக் கொடுக்கச் சொல்லி மெயில் வந்துச்சு. கொடுத்தேன். நேத்து நிலவரம் 'இஷ்யூட்'டுன்னு மாறிருச்சு, இன்னிக்குக் கையில வாங்கிட்டேன். விசாவுல பாஸ்போர்ட்ல உள்ள பேர்தான், 'கே' எங்கயும் இல்ல. மறுபடி நேர்காணலுக்குக் கூப்பிடல.

பள்ளத்தூர் பையன்

அண்ணே, வாழ்த்துகள். எனக்கும் உங்க கதைதான், 19 வயசுல சுவீகாரம். அடுத்த வாரம் நேர்காணல். 'வேற பேர்' எல்லாம் எழுதிட்டேன். அப்பா பேர் என்னன்னு கேட்டா முதல்ல என்ன சொல்லணும்?

கண்டனூரான்

படிவத்துல போட்ட பேர் தம்பி. ஒரே பேர். மத்ததை அவங்க கேட்டாச் சொல்லிக்கலாம்.