ஓ.சி.டி.க்கு ஈ.ஆர்.பி. செய்யும்போது எங்கே வழுக்குகிறது?

மருத்துவ உளவியலாளர்

ஓ.சி.டி. என்பது வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து, அதைத் தணிக்க ஏதாவது ஒரு சடங்கைச் செய்யவைக்கும் நோய். ஈ.ஆர்.பி. என்பது பயப்படுவதை எதிர்கொண்டு, அந்தச் சடங்கைச் செய்யாமல் இருக்கப் பழக்கும் சிகிச்சை. கை கழுவும் ஓ.சி.டி.யோடு வருபவர்களிடம் சறுக்கல் பெரும்பாலும் பயங்களைப் படிப்படியாக ஏணி போடும்போதே தொடங்கிவிடுகிறது. பயத்துக்கு 0 முதல் 100 வரை மதிப்பெண் கேட்டு 10, 15 படிகள் எழுதுவோம். வீட்டுக் கதவுக் கைப்பிடி 30, பஸ் கம்பி 50, செருப்பின் அடிப்பாகம் 65, பொதுக் கழிப்பறைத் தாழ்ப்பாள் 85, அதைத் தொட்ட கையோடு முறுக்கு தின்பது 95. இதுவரை எல்லோரும் சரியாகச் செய்கிறார்கள். தொட்டபின் எதைச் செய்யக்கூடாது என்பதைத்தான் எழுதாமல் விடுகிறார்கள். ஈ.ஆர்.பி.யில் எதிர்கொள்வது ஒரு பாதி. சடங்கைத் தடுப்பது மறு பாதி. 1966இல் லண்டனில் உளவியலாளர் விக்டர் மேயர் மருத்துவமனை வார்டில் செவிலியர்களை வைத்துச் செய்தது இந்த இரண்டையும் சேர்த்துத்தான்.

பஸ் கம்பியைப் பிடித்துவிட்டு, "வீட்டுக்குப் போய்க் கழுவிக்கலாம்" என்று மனசுக்குள் தள்ளிப்போட்டால் அந்த ஒரு மணி நேரமும் வீண். அதைத் தடுக்க ஒரு கைக்குட்டை போதும். கம்பியில் தேய்த்த கைக்குட்டையை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தலையணை, அலமாரித் துணி, சாப்பாட்டுத் தட்டு மூன்றிலும் தடவச் சொல்லுங்கள். 'சுத்தமான இடம்' என்று ஒரு மூலைகூட மிச்சம் இருக்கக்கூடாது. அப்படி ஒரு மூலை இருந்தால் ஆள் அங்கேயே குடியேறிவிடுவார்.

தினம் ஒரு குளியல், 10 நிமிடம். சாப்பிடும் முன்னும் கழிப்பறை போய் வந்த பின்னும் ஒரே ஒரு முறை கை கழுவலாம், 20 விநாடி. சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கு மட்டும் முன்கூட்டியே தனி நேரம் பேசி வையுங்கள், இல்லாவிட்டால் வீட்டுப் பெரியவர்கள் சண்டைக்கு வருவார்கள்.

பயிற்சியாளர்

மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். மதிப்பெண் பாதியாக இறங்கும்வரை உட்கார வேண்டும் என்பது பழைய பாடம். 90 நிமிட அமர்வு என்ற அளவும் அந்த எண்ணத்தோடு ஒட்டி வந்ததுதான். அமர்வுக்குள் பயம் எவ்வளவு இறங்கியது என்பதை வைத்துப் பின்னால் எவ்வளவு குணமாகும் என்று கணிக்க முடியவில்லை என்பதை உளவியலாளர் மிஷெல் கிராஸ்கே குழுவினர் எடுத்துக்காட்டிய பிறகு, நோக்கம் மாறிவிட்டது. தொடங்கும் முன் ஒரு தாளில், "என்ன நடக்கும் என்று பயப்படுகிறீர்கள்? எத்தனை சதவீதம் நம்புகிறீர்கள்?" என்று எழுதி வாங்குங்கள். முடிந்ததும் அதே தாளின் கீழே, நடந்தது என்ன என்று அவரே எழுதட்டும். பயம் 70லேயே நின்றாலும் பரவாயில்லை, எதிர்பார்த்தது பொய்த்தால் பாடம் ஏறிவிடும். படிகளையும் வரிசை மாற்றிக் கலைத்துப் போடலாம்.

மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்துவிட்டு எக்ஸ்போஷர் (பயத்தை எதிர்கொள்ள வைப்பது) செய்பவர்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும். பயத்தோடு தளர்வை இணைப்பது 1958இல் மனநல மருத்துவர் ஜோசப் வோல்ப் எழுதிய முறை. பாம்புப் பயத்துக்கு அது பொருந்தலாம். ஓ.சி.டி. ஆய்வுகளிலோ தளர்வுப் பயிற்சியை ஒப்பீட்டுச் சிகிச்சையாகத்தான் வைத்தார்கள், பலன் ஈ.ஆர்.பி.க்கே. "மூச்சு விட்டதால்தான் ஒன்றும் ஆகவில்லை" என்று அவர் முடிவுகட்டினால், நாமே ஒரு புதுச் சடங்கைக் கையில் கொடுத்ததாகிவிடும்.

கல்லூரி ஆலோசகர்

கையால் செய்யும் சடங்கு கண்ணுக்குத் தெரிகிறது. மனசுக்குள் நடப்பதை என்ன செய்வது? குழந்தையைக் கத்தியால் குத்திவிடுவேனோ என்ற எண்ணத்தோடு வருபவர் வெளியே எதையும் செய்யமாட்டார். உள்ளுக்குள் 'சாமி மன்னிச்சிடு' என்று பதினோரு தடவை ஓடும், கன்னத்தில் இலேசாகப் போட்டுக்கொள்வார். "அந்த நினைப்பு வந்ததும் அதைச் சரிசெய்ய என்ன செய்கிறீர்கள்?" என்று நேராகக் கேட்டால்தான் வெளியே வரும்.

இங்கே மனநல மருத்துவர் ஆரன் பெக் முறை எண்ணப் பதிவேட்டை நீட்டுவது பெரிய தவறு. ஆதாரம் என்ன, எதிர் ஆதாரம் என்ன என்று கட்டம் கட்டி எழுதவைத்தால் மனச்சோர்வுக்காரருக்கு உதவும். இவரோ அதே தாளை நாற்பது தடவை படித்து, "நான் நல்லவன்தான்" என்று நிரூபித்துக்கொண்டே இருப்பார். பதிலாக, பயப்படும் காட்சியை இரண்டு மூன்று நிமிடத்துக்கு, நிகழ்காலத்தில், 'செய்யவும் செய்யலாம், உறுதியாகத் தெரியாது' என்று முடியும்படி எழுதிப் போனில் பதிவுசெய்து, தினம் 30 நிமிடம் கேட்கச் சொல்லுங்கள். இடையில் மன்னிப்புக் கேட்கக்கூடாது. கேட்டுவிட்டால், விட்ட இடத்திலிருந்து கெட்ட எண்ணத்தை வேண்டுமென்றே திரும்ப வரவழைக்கட்டும்.

உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் சொன்ன பரிவும் இங்கே வேண்டும்தான். ஆனால் "அந்த நினைப்பு உங்களை நடுங்க வைக்கிறது" என்பது பரிவு, "நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை" என்பது ஆறுதல். இரண்டாவது வாக்கியத்துக்காகவே சிலர் வாரா வாரம் வருவார்கள்.

மனநல மருத்துவர்

அந்த ஆறுதல் வீட்டில் இலவசமாகவே கிடைக்கிறது. "கேஸ் மூடியாச்சா?" என்று இரவு ஏழு முறை கேட்டால், ஏழு முறையும் அம்மா பதில் சொல்கிறார். திடீரென்று நிறுத்தினால் கைகலப்பில் முடியும். நோயாளி, வீட்டார் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து ஒப்புக்கொண்ட பிறகு, முதல் வாரம் இரண்டு பதில், அடுத்த வாரம் ஒன்று, பிறகு "இது ஓ.சி.டி. கேட்கிற கேள்வி, பதில் சொல்லமாட்டேன்டா கண்ணு" என்ற ஒரே வாக்கியம். அதைக் கடுப்பில்லாமல் சொல்லவேண்டும். அப்பா மட்டும் ரகசியமாகத் தலையாட்டினால் எல்லாம் கெடும்.

மருந்தைப் பொறுத்தவரை, எஸ்.எஸ்.ஆர்.ஐ. என்ற வகை மனச்சோர்வு மாத்திரைகள் ஓ.சி.டி.க்கு மனச்சோர்வைவிடக் கூடுதல் அளவிலும், பலன் தெரிய 8 முதல் 12 வாரமும் வேண்டியிருக்கும். நான்காம் வாரமே "வேலை செய்யவில்லை" என்று தெரபிஸ்ட் சொல்லிவிட வேண்டாம். எக்ஸ்போஷருக்கு முன்னால் அல்பிரசோலம் என்ற பதற்றம் தணிக்கும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வருகிறாரா என்று கண்டிப்பாகக் கேளுங்கள், கேட்காமல் யாரும் சொல்வதில்லை. கேட்டுத் தெரிந்தால் நீங்களே நிறுத்தச் சொல்லாதீர்கள், எழுதிக்கொடுத்த மருத்துவரோடு பேசுங்கள், சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். ஓ.சி.டி.யின் தீவிரத்தை அளக்கும் யேல்-பிரௌன் அளவுகோலை முதல் நாளும் மாதம் ஒருமுறையும் போடுங்கள். மொத்தம் 40. 28இல் தொடங்கியவர் 18க்கு வந்தால் 35 சதவீதத்துக்கு மேல் குறைந்திருக்கிறது, நல்ல பலன் என்று கணக்கு. அவரோ 'இன்னும் கை கழுவணும்போலத்தான் இருக்கு' என்பார். தோன்றட்டும், அன்றைக்குக் கழுவினாரா என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.