வாக்கியக் கணக்கு: ‘அதிகம்’ என்றாலே கூட்டுகிறார்கள், என்ன செய்யலாம்?

வணக்கம். மூன்றாம், நான்காம் வகுப்புக்குப் பாடம் எடுப்பவர்களிடம் ஒரு யோசனை வேண்டும்.

“மீனாவிடம் 15 பென்சில்கள் உள்ளன. இது ரவியிடம் இருப்பதைவிட 6 அதிகம். ரவியிடம் எத்தனை?” விடை 9. பாதிப் பேர் 21 என்று எழுதுகிறார்கள். கூட்டல் கழித்தலில் குறையில்லை. ‘அதிகம்’ கண்ணில் பட்டதும் கை கூட்டப் போய்விடுகிறது. ‘அதிகம் என்றால் கூட்டு, மீதி என்றால் கழி’ என்று சொல்லிக்கொடுத்த குறுக்குவழியின் பலன்தான் இது.

இப்போது செய்வது: முதலில் எண்களை மறைத்துவிட்டுக் கதையை மட்டும் வாசிப்பது. “யாரிடம் அதிகம்?” என்று கேட்டால் சரியாகச் சொல்கிறார்கள். பிறகு இருவருக்கும் ஒவ்வொரு பட்டை வரைந்து, மீனாவின் பட்டையில் நீட்டிக்கொண்டிருக்கும் துண்டில் 6 என்று குறிப்பது. படம் சரியாக விழுந்தால் விடையும் வந்துவிடுகிறது. ஆனால் சிலர் 15ஐ ரவியின் பட்டையில் எழுதிவிடுகிறார்கள். ‘இது’ யாரைக் குறிக்கிறது என்பதில்தான் சறுக்கல். கணக்கைவிட மொழிச் சிக்கல் என்றே படுகிறது.

மீதி வரும் வகுத்தலிலும் இதே கதை. 26 பேர், ஒரு படகில் 4 பேர். “6 படகு, மீதி 2” என்று முடித்துவிடுகிறார்கள். அந்த இருவர் கரையிலேயே நிற்பதா? விடையை முழு வாக்கியமாக எழுதச் சொன்னால் சிலருக்கு 7 என்று பிடிபடுகிறது, எல்லோருக்கும் இல்லை.

பட்டைப் படத்தை எப்போது நிறுத்தலாம்? இரண்டு படிக் கணக்குகளில் கேட்கப்படாத இடைக்கேள்வியைப் பிள்ளைகளே கண்டுபிடிக்க என்ன பயிற்சி கொடுக்கிறீர்கள்? மாதிரிக் கணக்கோடு சொன்னால் உதவியாக இருக்கும்.