லங்காவிப் படகு: வீட்டுக் குழுவில் நடந்த பேச்சு

*செவ்வாய்*

பினாங்குத் தம்பி, காலை 7.05
அனைவருக்கும் வணக்கம். லங்காவியில் ஒரு பழைய மோட்டார் படகு விலைக்கு வந்திருக்கிறது. நீளம் 42 அடி, ஃபைபர் உடல், 1981இல் கட்டியது, 120 குதிரைத்திறன் லேமன் டீசல் எஞ்சின் இரண்டு. மேல்தளம் முழுவதும் தேக்கு. ஏறி நின்றதும் நம் பள்ளத்தூர் வீட்டுப் பட்டாலைக் கூடத்தில் கால் வைத்தது போல இருந்தது. நாளைக்குள் முன்பணம் கட்டச் சொல்லும் தரகர், சென்ற ஆண்டு படகின் நிலையைச் சோதித்து எழுதிய சர்வே அறிக்கையையும் தந்திருக்கிறார். கட்டிவிடலாமா, அத்தான்?

கண்டனூர் ஆச்சி, காலை 7.12
பட்டாலை நினைவு வந்துவிட்டதென்றால் பெட்டிச் சாவியை வேறு யாரிடமாவது கொடுத்துவிடு. அத்தான் நடந்துவிட்டு வரட்டும். அதுவரை எதிலும் கையெழுத்துப் போடாதே.

கண்டனூர் அத்தான், காலை 8.20
தம்பி, குரல் பதிவில் சொன்னால் பின்னால் தேடி எடுக்க முடியாது. எனவே எழுதியே அனுப்புகிறேன். தரகர் தந்த அறிக்கை விற்பவருக்காக எழுதப்பட்டது. அதில் பிழை இருந்தாலும் எழுதியவர் உங்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் அல்லர். நீங்களே தேடி, நீங்களே கூலி கொடுத்து அமர்த்துகிற சர்வேயர்தான் உங்கள் ஆள். தரகர் இரண்டு பேரைச் சொன்னால் அந்த இருவரையும் விட்டு மூன்றாமவரைப் பாருங்கள். முன்பணம் கட்டுவதில் தவறில்லை, வழக்கமாக விலையில் பத்தில் ஒரு பங்கு கேட்பார்கள். ஆனால் சர்வேயும் கடல் வெள்ளோட்டமும் உங்களுக்கு நிறைவாக இருந்தால்தான் கிரயம், இல்லையென்றால் முன்பணம் முழுவதும் திரும்ப வேண்டும் என்ற வாசகம் ஒப்பந்தத்தில் இல்லாமல் ஒரு ரிங்கிட்டும் கொடுக்காதீர்கள்.

பள்ளத்தூர் சித்தப்பா, காலை 8.41
காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய தூண் வாங்க வருகிறவர்களில் விவரம் தெரிந்தவர் மெருகைப் பார்ப்பதில்லை. குனிந்து அடிப்பாகத்தை விரல் முட்டியால் தட்டி, அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் விலை பேசுவார். படகுக்கும் அப்படி ஏதேனும் உண்டா, மாப்பிள்ளை?

கண்டனூர் அத்தான், காலை 9.02
அதேதான், மாமா. படகைத் தண்ணீரிலிருந்து தூக்கி, சர்வேயர் சிறு சுத்தியலால் சாண் சாணாகத் தட்டிக்கொண்டே போவார். உறுதியான இடம் ‘டங்’ என்று தெறிக்கும், உள்ளே அடுக்குப் பிரிந்த இடம் ‘தொப்’ என்று அமுங்கும். அடிப்பாகத்தில் கொப்புளம் இருந்தால் குத்திப் பார்ப்பார். அதிலிருந்து காடி வாடையுடன் நீர் கசிந்தால், ஃபைபருக்குள் நீர் புகுந்திருக்கிறது என்று பொருள். ஈரம் காட்டும் கருவியும் வைப்பார். படகைத் தூக்கிய கையோடு வைத்தால் அது தவறாகக் காட்டும் என்பதால் உடல் உலரும் வரை பொறுக்க வேண்டும்.

எனக்கு அடிப்பாகத்தைவிடத் தம்பி மயங்கிய தேக்கின் மேல்தான் ஐயம். அந்தக் காலத்துப் படகுகளில் தேக்குப் பலகையை ஃபைபர் தளத்தின் மேல் ஆயிரக்கணக்கான திருகாணிகளால் இறுக்கியிருப்பார்கள். தேய்த்துத் தேய்த்துப் பலகை மெலிந்து, திருகாணியை மூடிய மரக்குச்சிகள் கழன்றால், ஒவ்வொரு துளையும் மழைநீருக்கு ஒரு வாசல். மேலே மினுங்கும், உள்ளே ஊறும்.

எஞ்சின் நல்ல இனம். அதன் எரிபொருள் பம்புக்குத் தனியாக எண்ணெய் உண்டு. ஏறத்தாழ 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். விற்பவரிடம் பேச்சுவாக்கில் அதைக் கேளுங்கள். விழித்தால் பராமரிப்பின் தரம் தெரிந்துவிடும். மற்றொன்று: நீங்கள் போகும்போது எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும். முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்தால், பற்றவைப்பதில் உள்ள குறை மறைந்துவிடும்.

கண்டனூர் ஆச்சி, காலை 9.10
லங்காவி 1987 முதல் தீர்வை இல்லாத் தீவு. பினாங்குக்குக் கொண்டுவந்தால் சுங்கத்துக்கு என்ன கட்ட வேண்டும் என்பதை வாய்ச்சொல்லாக வேண்டாம், எழுத்தில் வாங்கு. படகின் மேல் கடன் நிலுவை உண்டா என்றும் பார்.

*சனி*

பினாங்குத் தம்பி, இரவு 9.30
சர்வேயர் இன்று முழுவதும் படகிலேயே இருந்தார். அத்தான் சொன்னது போல நான் முதலில் எஞ்சின் மேல் கையை வைத்தேன்; காலையில் வாங்கிய காபித் தம்ளர் போல இளஞ்சூடு. “உங்களுக்குச் சிரமம் வேண்டாமே என்று ஓட்டி வைத்தேன்” என்றார் விற்பவர். சர்வேயர் ஒன்றும் பேசாமல் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, நாளைக் காலை 7 மணிக்கு வருகிறேன், அதுவரை யாரும் சாவியைத் தொட வேண்டாம் என்றார். அடிப்பாகம் நன்றாக இருக்கிறது, கொப்புளம் இல்லை. தளத்தில்தான் வினை. நங்கூரப் பொறியைச் சுற்றித் தட்டும்போது சத்தம் மாறியது எனக்கே கேட்டது. மாறிய இடங்களைச் சுண்ணாம்புக் கட்டியால் வட்டமிட்டார். முன்தளத்திலிருந்து பக்கவாட்டு நடைபாதை வரை எண்ணிப் பார்த்தேன், பதினான்கு வட்டம்.

பள்ளத்தூர் சித்தப்பா, இரவு 9.44
நடைபாதைக்கு நேர் கீழே என்ன இருக்கிறது?

*ஞாயிறு*

பினாங்குத் தம்பி, பிற்பகல் 2.15
சித்தப்பா கேட்ட கேள்வியைத்தான் சர்வேயரும் கேட்டார். கீழே இருப்பவை டீசல் தொட்டிகள், இரும்பால் ஆனவை. விளக்கடித்துக் கண்ணாடியை நுழைத்துக் காட்டினார். நடைபாதையிலிருந்து சொட்டிய நீர் தொட்டியின் தலையில் தேங்கித் தேங்கி, துரு பிஸ்கட் போல அடுக்கடுக்காக உரிகிறது. விரலால் தொட்டதும் ஒரு துண்டு கையோடு வந்துவிட்டது.

எஞ்சினில் குறையில்லை. குளிர்ந்த நிலையில் இரண்டாவது சுற்றில் பற்றிக்கொண்டன. வெள்ளோட்டத்தில் விசையை முழுவதும் தள்ளியபோது இரண்டும் நிமிடத்துக்கு 2,500 சுற்றைத் தொட்டன. கரும்புகையும் இல்லை, நீலப்புகையும் இல்லை. எண்ணெய் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பியிருக்கிறோம்.

கண்டனூர் அத்தான், பிற்பகல் 2.40
எண்ணெயில் சோடியம் இருந்தால் கடல்நீர் கலந்திருக்கிறது. அந்த முடிவு வரட்டும். ஆனால் இப்போது விலையைத் தீர்மானிப்பது தொட்டிதான். இது போன்ற படகில் தொட்டியை வெளியே எடுக்கப் பெரும்பாலும் எஞ்சினை நகர்த்த வேண்டியிருக்கும், அல்லது தொட்டியை உள்ளேயே வெட்டி எடுக்க வேண்டும். தளத்தைச் சரிசெய்யாமல் புதுத் தொட்டி வைத்தால் அதன் தலையிலும் அதே நீர்தான் சொட்டும். ஆகவே இரண்டுக்கும் சேர்த்துப் படகுப் பட்டறையில் எழுத்து மதிப்பீடு வாங்கி, அந்தத் தொகையைக் கழித்து விலை கேளுங்கள். இசைந்தால் வாங்கலாம். இரக்கப்பட்டுப் பாதி வழி போகாதீர்கள்.

கண்டனூர் ஆச்சி, பிற்பகல் 2.46
தளத்துக்குத் தேக்கே வேண்டும் என்று பட்டறையில் சொல்லிவிடாதே.

*புதன்*

பினாங்குத் தம்பி, மாலை 6.10
மதிப்பீடு, கேட்ட விலையில் பாதியைத் தாண்டிவிட்டது. விற்பவர் பத்தில் ஒரு பங்கு குறைப்பதாகச் சொன்னார். நான் ஒப்பந்த வாசகத்தைக் காட்டி விலகிவிட்டேன். முன்பணம் இன்று கணக்கில் வந்துவிட்டது. சர்வேயர் கூலியும் படகைத் தூக்கிய கூலியும் என் செலவு.

பள்ளத்தூர் சித்தப்பா, மாலை 6.18
மனத்தாங்கல் உண்டா, தம்பி?

பினாங்குத் தம்பி, மாலை 6.31
உண்டு, சித்தப்பா. ஆனால் பினாங்கிலேயே 36 அடியில் ஒன்று இருப்பதாகத் தகவல் வந்திருக்கிறது; ஒற்றை எஞ்சின், தளத்தில் தேக்கு இல்லை. அடுத்த வியாழன் போகிறேன். நான் வரும்வரை எஞ்சினை ஓட்ட வேண்டாம் என்று உடையவருக்கு இப்போதே எழுதிவிட்டேன்.