கீழ ஒரு கட்டி. சூட்டுக் கட்டியா, வேற ஏதாவதா?

பொகவந்தலாவப் பிள்ளை:
அக்காமாரே, கேக்கவே கூச்சமா இருக்கு. எனக்கு வயசு 28, தேயிலைத் தோட்டத்துல கொழுந்து எடுக்கிறேன். மூணு கிழமையா அந்த இடத்து வாசல்ல, இடது பக்கம் கீழ ஒரு கட்டி. மொதல்ல பட்டாணி அளவு, நோவே இல்ல. இப்ப நெல்லிக்காய் அளவாயிருச்சு. இடுப்புல படங்குச் சாக்கை இறுக்கிக் கட்டி மலை ஏறினா உராயுது, உக்காந்தா கல்லு மேல உக்காந்த மாதிரி. நேத்து கிலோ வரல, அரைப் பேர்தான், அரை நாள் சம்பளம்தான் விழுந்துச்சு. அம்மா சூட்டுக் கட்டின்னு மஞ்சளும் சுண்ணாம்பும் பத்துப் போடச் சொல்றாங்க. வீட்டுக்காரர் என்னைச் சந்தேகமா பார்க்கிறார், அதுதான் கூட நோகுது. ஊசியால குத்தி விட்டா போயிருமா?

டிக்கோயா அக்கா:
குத்திடாத தங்கச்சி! பிதுக்கவும் வேணாம், சுண்ணாம்பு பக்கத்துலயே கொண்டு போகாத, அந்தத் தோல் வெந்து போயிரும். எனக்கும் இதேதான் வந்துச்சு, அதே இடது பக்கம். நானும் ஒரு மாசம் வாய் திறக்கல. கடைசியில காய்ச்சல் அடிச்சு, கட்டி செவந்து, கால விரிச்சு விரிச்சு நடந்தேன். ஒரு இடத்துல சும்மா கீறிச் சீழை எடுத்து அனுப்பிட்டாங்க. அன்னைக்கு நல்லாத் தூங்கினேன். ஆனா கீறின வாய் மூடிக்கிட்டு நாலு மாசத்துல திரும்ப அதே எடத்துல வந்துச்சு. ரெண்டாவது தடவை பெரிய ஆஸ்பத்திரியில மயக்கம் குடுத்து, கீறி, உள் தோலை வெளித் தோலோட சேர்த்துத் தச்சு, நீர் வடிய சின்ன வாசல் மாதிரி விட்டாங்க. அதுக்குப் பிறகு இன்னைக்கு வரைக்கும் வரல. கவர்மென்ட் ஆஸ்பத்திரி, காசு போகல. கீறுறதுன்னா திரும்ப மூடாம இருக்க என்ன செய்வீங்கன்னு நீயே கேளு.

ஓய்வுபெற்ற மிட்வைஃப், ஹட்டன்:
மகள், இது சூடும் இல்ல, யாரோட தப்பும் இல்ல. பிள்ளை பொறக்கிற வாசலுக்கு ரெண்டு பக்கமும் பட்டாணி அளவுல ஒவ்வொரு சுரப்பி இருக்கு, ஈரம் சுரக்க. பார்தோலின் சுரப்பின்னு பேரு. அதோட மெல்லிய குழாய் அடைச்சா நீர் உள்ளயே தேங்கி வீங்கும், அவ்வளவுதான். நூத்துல ரெண்டு பொம்பளைக்கு வாழ்நாள்ல எப்பவாவது வரும்னு சொல்வாங்க, அதுவும் அதிகமா இருபது முப்பது வயசுல.

கிருமி சேர்ந்தா சீழ் கட்டும். பெரும்பாலும் நம்ம குடல்ல இருக்கிற சாதாரணக் கிருமிதான். சில வேளை உறவால தொத்துற கிருமியும் இருக்கலாம், அதனால டாக்டர் சோதிச்சுப் பார்ப்பார். ஆனா கட்டி இருக்குங்கிறதுக்காக ஒருத்தியச் சந்தேகப்படுறது அநியாயம். உன் வீட்டுக்காரருக்கு இதை வாசிச்சுக் காட்டு.

நோவு இல்லாத சின்னக் கட்டின்னா அப்படியே விடலாம். உனக்கு வளருது, அதனால காட்டணும். அதுவரைக்கும் அகலமான பேசின்ல, கை பொறுக்கிற சூட்டுல தண்ணி வச்சு, ஒரு நாளைக்கு 3, 4 தடவை 10-15 நிமிஷம் உக்காரு. சில கட்டி தானாவே உடைஞ்சு வடியும். டாக்டர் சில பேருக்கு சின்ன பலூன் வச்ச ரப்பர் குழாயை உள்ள விட்டு 4-6 கிழமை வச்சிருப்பார், புது வழி உண்டாக. காய்ச்சலோ, செவந்த வீக்கமோ வந்தா அன்னைக்கே போயிரு. பிள்ளை தங்கியிருந்தா அதையும் சொல்லு. இதே கட்டி 40 வயசு தாண்டினவங்களுக்குப் புதுசா வந்தா துண்டு எடுத்துப் புத்துநோய்க்கும் சோதிப்பாங்க. உனக்கு அந்தப் பயம் வேணாம்.

பொகவந்தலாவப் பிள்ளை:
நேத்து போனேன் மிஸ். பொம்பளை டாக்டர் கேட்டேன், இருந்தாங்க. சீழ் கட்டலையாம். சுடுதண்ணியில உக்காந்துட்டு ரெண்டு கிழமையில கிளினிக் வரச் சொன்னாங்க, குறையலைன்னா குழாய் வைப்பாங்களாம். வீட்டுக்காரரும் கூடவே வந்து வெளிய பெஞ்சுல இருந்தார். இன்னைக்கு விடிய அவர்தான் அடுப்பு பத்தவச்சு, பேசினைக் காம்பரா அறைக்குள்ள கொண்டுவந்து வச்சுட்டு, கதவைச் சாத்திக்கிட்டு வெளிய இஸ்தோப்புல நின்னார்.