தனுஷ்கோடிச் சாலையின் வெளிறிய ஈயும் கருத்த ஈயும்: ஒரு சிற்றினமா, இரண்டா?

வாலிநோக்கம் கரைக்காரன்:
தனுஷ்கோடிச் சாலையின் இரு பக்கங்களிலும் கடந்த மார்கழியிலும் இந்தச் சித்திரையிலும் நான் பிடித்த சிறு கடற்கரை ஈக்களின் படங்களை இங்கே இணைத்திருக்கிறேன். ஒவ்வொன்றும் இரண்டிலிருந்து மூன்று மில்லிமீட்டர் நீளம் இருக்கும். மீனவர்கள் பெண்கடல் என்று சொல்லும் பாக் விரிகுடாப் பக்கத்தில், கரையொதுங்கிய கடற்புல் குவியலில் கிடைத்தவை கருஞ்சாம்பல் நிறமாகவும் தொடை கருத்தும் இருக்கின்றன. ஆண்கடலான மன்னார் வளைகுடாப் பக்கத்தில் வெறும் மணலில் கிடைத்தவையோ மணலின் நிறத்திலேயே வெளிறி, கால்கள் முழுவதும் வைக்கோல் மஞ்சளாக இருக்கின்றன. இரண்டும் டெத்தினா பேரினத்தைச் சேர்ந்தவை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இவை வெவ்வேறு சிற்றினங்கள் என்றே கருதுகிறேன். கருத்தது இன்னும் பெயரிடப்படாததாகவும் இருக்கலாம்.

தொண்டி மாணவி:
ஐயா, இவை எஃபிட்ரிடே குடும்பத்துக் கரையோர ஈக்களாக இருக்கக் கூடாதா? பாசிக் குவியலில் அவைதாமே மிகுதி?

மண்டபம் ஆசிரியர்:
நல்ல கேள்வி அம்மா, முதலில் இதைத் தீர்த்துவிடுவோம். சிறகின் முன்விளிம்பு நரம்பைப் பாருங்கள். எஃபிட்ரிடே ஈக்களில் அந்த நரம்பு இரண்டு இடங்களில் முறிந்திருக்கும். படத்திலுள்ள ஈயில் ஒரே முறிவுதான் தெரிகிறது. கண்ணோரமாக நெற்றியில் நிற்கும் முள்மயிர்களும் எல்லாமே வெளிப்பக்கமாகச் சாய்ந்திருக்கின்றன. ஆகவே இது கனாசிடே குடும்பம். பழைய நூல்களில் டெத்தினிடே என்று தனிக் குடும்பமாகப் பார்த்திருப்பீர்கள். 2007-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர் மெக்ஆல்பைன் அதைக் கனாசிடேக்குள் சேர்த்தார்.

இனி வாலிநோக்கத்துத் தம்பிக்கு. பேரினம் வரை உங்களோடு உடன்படுகிறேன். அதற்கு மேல் உடன்பட முடியவில்லை. உங்கள் படங்களின் தேதிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கருத்தவை ஏறத்தாழ எல்லாமே மார்கழியில் பிடித்தவை, வெளிறியவை எல்லாமே சித்திரையில் பிடித்தவை. கடல் மாறியபோதே பருவமும் மாறியிருக்கிறது. நிறத்தை மாற்றியது எது என்று இதிலிருந்து எப்படிச் சொல்வது? பழ ஈக்களில் புழுவும் கூட்டுப்புழுவும் குளிர்ந்த சூழலில் வளர்ந்தால் வயிறு கருத்து வரும் என்பது நன்றாக நிறுவப்பட்ட செய்தி. வாடைக்காற்று வீசி மழை பெய்யும் மாதத்தில் ஈரக் குவியலில் வளர்ந்த ஈயையும், சித்திரை வெயிலில் காய்ந்த மணலோரத்து ஈயையும் அருகருகே வைத்துவிட்டு இரண்டு சிற்றினம் என்று சொல்வது அவசரம்.

வாலிநோக்கம் கரைக்காரன்:
ஐயா சொன்னதை ஏற்கிறேன். தேதி விஷயத்தில் நான் கவனமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் 'ஏறத்தாழ' என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சித்திரையிலும் பெண்கடல் பக்கத்தில் எனக்கு மூன்று கருத்த ஈக்கள் கிடைத்தன. அதே நாள், அதே காலை, சாலையைக் கடந்து சில நிமிடங்கள் நடந்தால் ஆண்கடல். அங்கே எல்லாம் வெளிறியவை. வெப்பம் மட்டுமே காரணமென்றால் இந்த மூன்றையும் எப்படி விளக்குவது?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெண்கடல் ஓரத்தில் குவியலைக் கையால் கிளறினால் கருத்த ஈக்கள் மேலே எழும்பி, ஓர் அடி தள்ளி அதே குவியலில் உட்கார்ந்துவிடுகின்றன. மணலில் இருக்கும் வெளிறியவை சோழகக் காற்று அடிக்கும்போது எழும்புவதே இல்லை. காலடித் தடத்தின் பள்ளத்தில் ஒடுங்கி உட்கார்ந்துகொள்கின்றன. நிறம் மட்டுமல்ல, பழக்கமும் வேறுபடுகிறது.

சிறகு நரம்பு:
பழக்கத்தைப் பற்றிய கருத்து கவனிக்கத்தக்கது. ஆயினும் காற்று அடிக்கும் கரையில் எந்தச் சிறு ஈயும் பள்ளம் தேடித்தான் ஒடுங்கும். காற்றில்லாத விடியற்காலையில் மணலையும், காற்றடிக்கும் பொழுதில் குவியலையும் பார்த்தீர்களா?

நிறம் குறித்து நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். பாம்பனில் பிடித்துக் காயவைத்து ஊசியில் ஏற்றிய ஓர் ஈயைச் சாளரத்தின் முன் உருப்பெருக்கியில் வைத்து மெதுவாகத் திருப்பினேன். மார்பின் மேல்புறம் ஒரு கோணத்தில் வெள்ளிச் சாம்பலாகவும், கால் சுற்றுத் திரும்பியதும் பழுப்பாகவும் தெரிந்தது; ஈ ஒன்றுதான், ஒளிதான் இடம் மாறியது. அந்த நிறத்தைத் தருவது மேலே படிந்த நுண்மயிர்ப் பொடிப்படலம். ஈயைச் சாராயத்தில் போட்டால் அந்தப் படலம் நனைந்து மறைய, அடித்தோலின் கருமை மேலோங்கித் தெரியும். தங்கள் கருத்த ஈக்களில் எத்தனை சாராயக் குப்பியிலிருந்து எடுத்துப் படம்பிடித்தவை? கூட்டிலிருந்து வெளிவந்து ஓரிரு மணி நேரமே ஆன ஈயும் மெத்தென்று வெளிறித்தான் இருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

வாலிநோக்கம் கரைக்காரன்:
மார்கழியில் பிடித்தவற்றைச் சாராயத்திலிருந்து எடுத்தே படம்பிடித்தேன் என்பது உண்மை. சித்திரையின் மூன்று கருத்த ஈக்கள் காய்ந்தவை, ஒரே ஒளியில் எடுத்தவை. தொடையின் கருமை பொடிப்படலத்தால் வருவதன்று. அது தோலின் நிறமே. இதில் நான் பின்வாங்க மாட்டேன்.

தொண்டி மாணவி:
மரபணுப் பட்டைக்குறி, அதாவது ஒரு சிறு மரபணுத் துண்டை ஒப்பிட்டுச் சிற்றினம் காணும் முறை, எடுத்தால் முடிந்துவிடாதா? சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் மரபணுவின் 658 கார இணைகள் போதும் என்று படித்திருக்கிறேன்.

சிறகு நரம்பு:
உதவும், ஆனால் அதனாலேயே முடிந்துவிடாது. அந்த மரபணு தாய்வழியாக மட்டுமே வருவது. பூச்சிகளின் உடலுக்குள் வாழும் வோல்பாக்கியா என்னும் பாக்டீரியமும் அதே தாய்வழியில் பரவுவதால், ஒரே சிற்றினத்துக்குள் இரண்டு பிரிவு இருப்பதுபோல் காட்டவோ, இரண்டு சிற்றினங்களை ஒன்றுபோல் காட்டவோ அதனால் முடியும். பக்கத்துக்கு ஓர் ஈ என்று அனுப்பி வரும் விடையை நான் நம்ப மாட்டேன்.

மண்டபம் ஆசிரியர்:
இந்தப் பேரினத்தில் தீர்ப்புச் சொல்வது ஆணின் இனப்பெருக்க உறுப்புதான். வயிற்று நுனியைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இட்டுத் தெளியவைத்து, கிளிசரினில் வைத்து, பக்கத் தகட்டின் வடிவத்தைப் பார்க்க வேண்டும். தம்பி அனுப்பிய பொதியிலிருந்து வெளிறிய ஆண்கள் மூன்றையும் கருத்த ஆண்கள் இரண்டையும் நேற்றிரவு பார்த்து முடித்தேன். ஐந்திலும் தகட்டின் புறக்கோடு ஒன்றே: அடி அகன்று, நுனி உள்நோக்கி வளைந்து மழுங்கியிருக்கிறது. கருத்த இரண்டில் ஒன்றில் மட்டும் நுனி மயிர்கள் சற்று அடர்த்தியாக இருக்கின்றன. ஐந்தில் அதுவே உடலிலும் பெரிய ஈ. பெரிய ஈக்கு மயிர் கூடுவது இயல்பு.

டெத்தினா பல்லிப்பெஸ் என்று ஒரு சிற்றினம் உண்டு; ஜெர்மானியப் பூச்சியியலாளர் லோவ் 1865-இல் பெயரிட்டது. மத்தியதரைக் கடற்கரையிலிருந்து ஆப்பிரிக்கக் கரை, இந்தியப் பெருங்கடல் தீவுகள் வரை பரவியிருக்கிறது. பெயரின் பொருளே வெளிறிய கால். ஆனாலும் நிறத்தில் மிகவும் மாறுபடும் ஈ என்று பெயர் பெற்றது அது. புதிய பெயர் வைக்க விரும்புகிறவர், விலங்குப் பெயரிடல் விதிகளின்படி முந்தைய பெயருக்கே முன்னுரிமை என்பதால், லோவின் ஈயோடு தமது ஈ எதில் வேறுபடுகிறது என்று காட்டியாக வேண்டும். தொடையின் நிறம் அதற்குப் போதாது.

வாலிநோக்கம் கரைக்காரன்:
ஐந்து ஆண்களைப் பொறுமையாகப் பார்த்துச் சொன்னதற்கு நன்றி ஐயா. புதிய சிற்றினம் என்ற பேச்சை விலக்கிக்கொள்கிறேன். ஆனால் இரண்டே கருத்த ஆண்களை வைத்து, ஒன்று என்ற முடிவுக்கும் நான் வரமாட்டேன். நாம் எல்லாவற்றையும் பல்லிப்பெஸ் என்றே எழுதிவிட்டால், எந்தக் கடல், எந்தக் குவியல், எந்த மாதம் என்ற செய்தி பதிவேட்டிலிருந்து மறைந்துவிடும். பிறகு வேறுபாடு உண்மையென்று தெரியவந்தாலும் யாராலும் பிரித்தெடுக்க முடியாது. இதை நீங்கள் மறுக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

மண்டபம் ஆசிரியர்:
மறுக்கவில்லை தம்பி, அதில் நீங்கள் சொல்வதுதான் சரி. சிற்றினப் பெயரை எழுத வேண்டாம். 'டெத்தினா, பல்லிப்பெஸ் போன்றது' என்று மட்டும் எழுதி, கடல், இருப்பிடம், தேதி, நேரம், காற்று, உலர்த்தியதா சாராயத்தில் இட்டதா என்ற விவரங்களை ஒவ்வொரு ஊசியிலும் குத்திவையுங்கள். மன்னார் வளைகுடாத் தீவுகளில் மட்டும் வனத்துறை அனுமதி இல்லாமல் எதையும் எடுக்காதீர்கள். அந்த 21 தீவுகளும் தேசியப் பூங்காவுக்குள் வருபவை. சாலையோரக் கரையிலேயே வேலை நிறைய இருக்கிறது. வரும் வாடையில், ஒரே நாளில், இரு கடல்களிலும் குவியலில் தனியாகவும் மணலில் தனியாகவும் ஆண் ஈக்களை எடுங்கள். பெண்கடல் மணலில் வெளிறியவையும் ஆண்கடல் குவியலில் கருத்தவையும் இருக்கின்றனவா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

வாலிநோக்கம் கரைக்காரன்:
ஆண்கடல் குவியலை நான் இதுவரை கிளறிப் பார்க்கவே இல்லை. கார்த்திகையில் தொடங்குகிறேன்; குப்பிகளுக்குப் பதிலாக இந்த முறை ஊசிப்பெட்டியை எடுத்துச் செல்கிறேன்.