பழைய தோல் கால்காப்பில் பூஞ்சணம்: உதவி தேவை

வணக்கம் உறவுகளே. மொன்றியலில் இருக்கும் மாமா, பனி ஹொக்கி கோல்காப்பாளர் ஒருவர் ஆட்டங்களில் கட்டிய பழைய தோல் கால்காப்பு ஒரு சோடியை மட்டக்களப்புக் கல்லடிக்கு அனுப்பியிருக்கிறார். 1959 நவம்பர் 1 அன்று மொன்றியல் அணியின் கோல்காப்பாளர் ஜாக் பிளான்ட் முகத்தில் தையலோடு முகமூடி அணிந்து களமிறங்கினாரே, அந்தக் காலத்தவை. பிரிந்த ஓரத்தில் உள்ளே அடைத்த மயிர் தெரிகிறது. இடது முழங்காலில் பந்துக்குப் பதிலாக அடிக்கும் ரப்பர் வட்டு பட்ட கறுப்புத் தழும்புகள். ஒரு வாரை யாரோ கையால் தைத்திருக்கிறார்கள்.

இந்த மாரியில், வாவிக் காற்றில், தோலெங்கும் வெண்பூஞ்சணம். தேங்காய் எண்ணெய் பூசச் சொல்கிறார்கள். தோல் கறுத்துவிடும், எனக்கு உடன்பாடில்லை. அந்தத் தழும்புகள்தாம் அதன் உயிர், அவை அழியக் கூடாது. மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ பழந்தோல் பராமரிக்கத் தெரிந்தவர், மத்தளத்துக்குத் தோல் கட்டுபவராயினும் சரி, இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பைகள் எங்கே மொத்தமாகக் கிடைக்கும்?