ஆஸ்திரேலிய அவுட்பேக் (உள்நாட்டு வறண்ட பகுதி) வெந்நீர் ஊற்றுகள்: கேரவனோடு போகிறவர்கள் கவனத்துக்கு

முதல் தடவை கேரவன் (காருக்குப் பின்னால் கட்டி இழுக்கும் வீட்டு வண்டி) இழுத்துப் போகிறவர்கள் மட்டரங்காவில் தொடங்குவதே நல்லது. டார்வினிலிருந்து தெற்கே சுமார் 420 கி.மீ., ஸ்டூவர்ட் நெடுஞ்சாலை முழுக்கத் தார். அங்கே குளிக்க இரண்டு இடம், இரண்டிலும் தண்ணீர் ஏறக்குறைய 34 டிகிரி. தெர்மல் பூல் கரை கட்டிய குளம். அதற்கு ரெயின்போ ஸ்பிரிங் என்ற ஊற்றிலிருந்து நாளொன்றுக்கு 3 கோடி லிட்டருக்கு மேல் தண்ணீர் வருகிறது. பழந்தின்னி வௌவால் கூட்டம் தங்கும் மாதங்களில் நாற்றம் தாங்காது. ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் பிட்டர் ஸ்பிரிங்ஸ் போங்கள். இது ஓடும் நீர். மேல்பக்கப் படியில் இறங்கி, நூடுல் என்று விற்கும் நுரைக்குழாயை அக்குளில் இடுக்கிக்கொண்டால் நீரோட்டமே இழுத்துப் போகும். கீழே பாலத்தருகே ஏறும் இடத்தைத் தவறவிடாதீர்கள், எதிர்நீச்சல் போடுவது கஷ்டம். திரும்பி வருவது நடைபாதையில், அதனால் ரப்பர் செருப்பு காலிலேயே இருக்கட்டும். வண்டி நிறுத்துமிடம் நெருக்கடியானது. கேரவனைத் தங்குமிடத்தில் கழற்றி வைத்துவிட்டுக் காரில் போவதே மேல். மழைக்காலத்தில் மூடிவிடுவார்கள், முதலைச் சோதனை முடிந்த பிறகுதான் திறப்பார்கள். மே முதல் செப்டம்பர் வரை சரியான பருவம்.

*

மேலே சொன்ன 34 டிகிரி குழந்தைகளுக்கும் ஒத்துவரும். லைட்னிங் ரிட்ஜ் கதை வேறு. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் வடபகுதியில் இருக்கும் இந்த ஊர்க் குளத்தில், பெரும் ஆர்ட்டீசியன் படுகை என்ற நிலத்தடி நீர்ப்படுகையின் போர் (ஆழ்துளைக் கிணறு) தண்ணீர் 41.5 டிகிரியில் விழுகிறது. கட்டணம் கிடையாது, இரவிலும் குளிக்கலாம். காலை 10 முதல் 12 வரை சுத்தம் செய்ய மூடுவது வழக்கம்.

தண்ணீர் உடம்பை விடச் சூடாக இருந்தால் உடம்பு வெப்பத்தை வெளியேற்ற வழியில்லை. கழுத்தளவு தண்ணீரில் வேர்த்தும் பயனில்லை. ரத்தக் குழாய்கள் விரிந்திருக்கும் நேரத்தில் சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கிக் கண் இருட்டும். படியில் உட்கார்ந்து முதலில் கால், இரண்டு நிமிடம் கழித்து இடுப்பு, பிறகு தோள். பத்துப் பதினைந்து நிமிடம் போதும். எழும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் படியிலேயே உட்காருங்கள். பீர் குடித்துவிட்டு இறங்கினால் மயங்கி விழும் ஆபத்து அதிகம். கர்ப்பிணிகள், இதய நோயாளிகள் இறங்கவே வேண்டாம். வெள்ளிக் கொலுசும் அரைஞாணும் கழற்றி வையுங்கள், கந்தகம் பட்டால் கறுத்துவிடும்.

*

சூடு என்றால் டார்வின் இருக்கும் அதே வட பிராந்தியத்தின் டக்ளஸ் ஊற்றையும் சொல்ல வேண்டும். வாகிமன் என்ற பழங்குடி மக்களின் நிலத்தில் இருக்கும் இதற்கு அவர்கள் வைத்த பெயர் ட்ஜுவாலியின். முக்கிய ஊற்றருகே தண்ணீர் 60 டிகிரி வரை போகும், கால் வைத்தால் வெந்துவிடும். வெந்நீரும் குளிர்ந்த ஓடையும் கலக்கும் இடத்தைத் தேடி, ஓரத்தில் புறங்கையை வைத்துப் பார்த்து இறங்குங்கள். ஒரு அடி தள்ளினால் சூடு மாறும். சிறு பிள்ளைகளை இங்கே கையை விட்டு நகர விடக்கூடாது.

*

யாரும் சொல்லாத ஒன்று: மூக்கு. கேரளச் செய்திகளில் அடிபட்ட மூளை தின்னும் அமீபா, நெக்லேரியா ஃபௌலேரி, 25 முதல் 46 டிகிரி வரையுள்ள நன்னீரில் வளரும். அதாவது மேலே சொன்ன குளியல் இடங்களின் சூடு அதற்கும் தோதானது. அந்தத் தண்ணீரைக் குடித்தால் இந்த நோய் வராது. மூக்கில் ஏறினால்தான் ஆபத்து. அரிதுதான், ஆனால் வந்தவர்கள் பிழைப்பது அதைவிட அரிது. தலை முங்காதீர்கள், குதிக்காதீர்கள், அடிச்சேற்றைக் கலக்காதீர்கள். பிள்ளைகளுக்கு மூக்குக் கிளிப் போடுங்கள். வெயிலில் கிடந்து சூடான ரப்பர் குழாயின் முதல் தண்ணீரைப் பிள்ளைகள் மேல் பீய்ச்சவும் வேண்டாம், கொஞ்ச நேரம் ஓட விட்டுப் பிடியுங்கள். குளித்து ஒரு வாரம் பத்து நாளுக்குள் கடும் தலைவலி, காய்ச்சல், கழுத்து விறைப்பு வந்தால் எங்கே குளித்தீர்கள் என்பதை டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

*

டால்ஹவுசி (தெற்கு ஆஸ்திரேலியாவின் வெந்நீர் ஊற்று) போகலாமா என்று கேட்கிறவர்களுக்கு: சாதாரணக் கேரவன் என்றால் வேண்டாம். சிம்சன் பாலைவன விளிம்பில், விட்ஜிரா தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. ஃபோர்வீல் டிரைவ் இல்லாமல் முடியாது. கூர்மையான சரளைக்கல் டயரின் பக்கச் சுவரைக் கிழிக்கும். தார்ச்சாலைக்கு வைக்கும் காற்றில் கால் பங்கு குறைத்து, வேகத்தை 60-70க்குள் பிடியுங்கள். காற்றைக் குறைத்துவிட்டு 100-ல் ஓட்டினால் சூட்டிலேயே டயர் வெடிக்கும். ஸ்டெப்னி இரண்டு, கம்ப்ரஸர் ஒன்று கட்டாயம். மழை பெய்தால் சாலையை மூடுவார்கள், மீறி ஓட்டினால் அபராதம். அவ்வளவு பாடுபட்டுப் போனால் 38 டிகிரி வரையுள்ள பெரிய குளம் கிடைக்கும். சின்ன மீன்கள் காலைக் கொத்தும், பயப்பட ஒன்றுமில்லை. அவற்றில் சில இனங்கள் உலகில் வேறெங்கும் கிடையாது, அதனால் சோப்பு, ஷாம்பு, சன்ஸ்கிரீன் எதுவும் தண்ணீரில் சேரக்கூடாது.

*

போர் தண்ணீரைக் கேரவன் டேங்கில் நிரப்பியபின் வெந்நீர்க் குழாய் மட்டும் அழுகிய முட்டை வாடை அடித்தால், காரணம் பெரும்பாலும் ஹீட்டருக்குள் இருக்கும் மெக்னீசியம் அனோடு கம்பி (ஹீட்டர் தொட்டி துருப்பிடிக்காமல் தான் கரையும் கம்பி). தண்ணீரிலுள்ள சல்ஃபேட்டும் பாக்டீரியாவும் அதோடு சேர்ந்து அந்த வாடையுள்ள வாயுவை உண்டாக்கும். (எல்லா ஹீட்டரிலும் அனோடு இருக்காது, கையேட்டைப் பாருங்கள்.) கேஸும் கரன்ட்டும் பம்ப்பும் அணைத்து, தண்ணீர் ஆறும்வரை பொறுத்து, பிரஷர் வால்வைத் திறந்து அழுத்தத்தை விடுங்கள். பிறகு அனோடைக் கழற்றுங்கள். சபர்பன் கம்பெனி ஹீட்டரில் 27 மி.மீ. சாக்கெட் பொருந்தும். அலுமினியக் கம்பிக்கு மாறினால் வாடை குறையும். மரைக்கு டெஃப்லான் டேப் சுற்றுங்கள். டேங்கைச் சுத்தப்படுத்த, வாசனை சேர்க்காத பிளீச் லிட்டருக்கு 1 மி.லி., அதாவது 80 லிட்டர் டேங்குக்கு 80 மி.லி. எல்லாக் குழாயிலும் பிளீச் வாடை வரும்வரை ஓட விட்டு, நாலு மணி நேரம் ஊற வைத்து, நல்ல தண்ணீரில் அலசுங்கள். ஹீட்டர் நிரம்பி, வெந்நீர்க் குழாயில் காற்றில்லாமல் சீராகத் தண்ணீர் வந்த பிறகே சுவிட்சைப் போட வேண்டும். காலி ஹீட்டரைப் போட்டால் எலிமென்ட் எரிந்துவிடும்.